சம்பல் இல்லாத ரொட்டி

வெற்றிகரமான தொழில் முனைவோர் ஆவது எப்படி என்று நான் எழுதித் தர வேண்டுமாம். மகளிர் சங்கத்துப் பிள்ளைகள் வந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தோட்டத்தில் என்னை யாரும் அப்படிப் பெரிய பெயரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரொட்டிக்கார மகேசு என்பார்கள். கோபம் வந்தால் அந்த மகேசும் கிடையாது, வெறும் ரொட்டிக்காரிதான். ஆனாலும் முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் அந்த அடுப்பின் முன்னால் நின்றவள் நான். அதனால் நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

உங்களில் ஒருத்தி இடியப்பம் அவிக்கிறாள், ஒருத்தி வடை சுடுகிறாள், ஒருத்தி தையல் மெஷினை வாங்கிப் போட்டுவிட்டு யாராவது வருவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மா பிசைவதையும் ஊசி கோப்பதையும் நான் சொல்லித் தரப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டி. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஒருவரும் வாங்காமல் போகிற ஒரு காலம் வரும். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். உங்களுக்கு அது வராவிட்டால் சந்தோஷம், இந்தக் காகிதத்தில் வடையைச் சுற்றிக் கொடுத்துவிடுங்கள்.

டயகம பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். சின்ன வயதிலேயே கொழுந்து எடுக்கப் போய்விட்டேன். கல்யாணம் ஆகி, மகள் சுகன்யா பிறந்து, அவள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது என் வீட்டுக்காரர் நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறி விழுந்தார். உயிர் தப்பியது, முதுகு தப்பவில்லை. குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலை இனி கூடாது என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். என் ஒருத்தி சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட வேண்டும். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பல பெண்கள் ஏற்கெனவே வெளிநாட்டுக்குப் போயிருந்தார்கள். நானும் பாஸ்போர்ட் எடுத்தேன், மெடிக்கல் முடித்தேன். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை, இரண்டு வருடம். டிக்கட் வந்ததும் கூப்பிடுவதாக ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார்.

எனக்குப் போக விருப்பமில்லை. இப்போது இதைச் சுலபமாக எழுதிவிட்டேன். அப்போது வாய் திறந்து சொல்ல முடியவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், சுகன்யா கண்ணாடி முன்னால் நின்று தானாகவே சடை பின்னிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு சடை காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே.

“பாருங்கம்மா, எனக்கே பின்ன வருது. நீங்க போனப்பறம் அப்பாவுக்குக் கஷ்டமில்ல.”

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பீலிக்கரையில் நின்று நன்றாக அழுதேன். அழுது முடித்தபோது ஒரு முடிவு இருந்தது. டிக்கட் வருவதற்குள் இங்கேயே ஒரு தொழிலை நிற்க வைத்துவிட வேண்டும். நின்றால் பிள்ளையோடு இருப்பேன், நிற்காவிட்டால் விமானம் ஏறுவேன்.

என்ன தொழில் என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் விடியுமுன்னே எழுந்து, தேங்காய் திருவி, மா பிசைந்து, ரொட்டி சுட்டு, தொட்டுக்கொள்ளச் சம்பல் அரைத்து, பிள்ளைகளை எழுப்பி, ஆள் எடுக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டும். பெரட்டில் பெயர் கொடுத்த பிறகுதான் அன்றைக்கு எந்த மலை என்று தெரியும். பத்து மணித் தேத்தண்ணிக்கு மலையில் உட்காரும்போதுதான் அந்த ரொட்டியைக் கண்ணால் காண்பார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன். அந்த ரொட்டியை யாராவது சுட்டுக் கையில் கொடுத்தால் காலில் விழுந்து கும்பிடலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அப்படியென்றால் சுட்டுக் கொடுக்கிற ஆளாக நானே இருந்துவிட்டால் போகிறது.

கொழுந்துக்குப் போவதை நிறுத்தினேன். வீட்டுக்காரர் வாசல் இஸ்தோப்பில் சாய்ந்து உட்கார்ந்தபடி தேங்காய் திருவித் தந்தார். ரொட்டியும் சம்பலுமாக பிளாஸ்டிக் லன்ச் சீட்டில் மடித்து, மூடி போட்ட வாளியில் அடுக்கி, பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோனேன். முதல் வாரம் வாளி காலியாகத் திரும்பி வந்தது. நான் ராணி மாதிரி நடந்தேன் என்று பக்கத்து வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அடுத்த வாரம் பாதி வாளி திரும்பியது. அதற்கடுத்த வாரம் இன்னும் மோசம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சுவரோடு சுவராகக் குடியிருக்கிறவர்கள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வார்கள்?

“நேத்து சோறு மிஞ்சிருச்சுக்கா.”

“வவுறு சரியில்ல, நாளைக்கு வாங்குறேன்.”

பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் போட்டு வையுங்கள். தெரிந்தவர்கள் முதல் வாரம் வாங்குவது பாசத்தால். அதை வியாபாரம் என்று நம்பி ராணி மாதிரி நடக்காதீர்கள்.

நான் ருசியில் குறை என்று நினைத்தேன். சம்பலுக்கு மாசிக் கருவாடு சேர்த்தேன். மறுநாள் எலுமிச்சைப் புளி. அதற்கு மறுநாள் வெங்காயத்தை வதக்கிப் போட்டுப் பார்த்தேன். சம்பல் ருசியாக ருசியாக வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். இந்த அதிசயம் எனக்கு விளங்கவில்லை. மிஞ்சிய ரொட்டியை மூன்று வேளையும் நாங்களே தின்றோம். சுகன்யா ரொட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள்.

அக்கரப்பத்தனை டவுனில் எனக்கு மா தருகிற முதலாளிக்கு என் வயதுதான் இருக்கும். வாப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கிற மா வாரத்துக்கு வாரம் குறைவதைக் கவனித்துவிட்டார்.

“என்ன தங்கச்சி, யாவாரம் படுத்திட்டா?”

வீட்டில் அடக்கி வைத்ததையெல்லாம் அங்கே கொட்டினேன். ருசியில் என்ன குறை என்று சொல்லுங்கள் என்று ஒரு பார்சலையும் நீட்டினேன். அவர் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

“ருசில ஒரு கொறையுமில்ல. விக்கிற எடத்துல நிண்டு பாத்தா ஒண்டும் வெளங்காது தங்கச்சி. திங்கிற எடத்துல போய் பாருங்க.”

எனக்குக் கோபம் வந்தது. “நான் அந்த மலையில உக்காந்து எத்தன வருசமா தின்னவ. எனக்குத் தெரியாதா?”

“அப்ப திண்டீங்க. இப்ப விக்கிறீங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சீனி நிறுக்கப் போய்விட்டார்.

மறுநாள் மலைக்குப் போனேன். மிளகாய்ச் செடிக்குச் சாணம் பொறுக்கப் போகிற மாதிரி ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டேன். பெண்கள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தேத்தண்ணிப் போத்தல்களைத் திறந்தார்கள். நான் பார்த்த இடத்தில் இருந்த ஏழெட்டுப் பேர் மடியிலும் என்னுடைய பார்சல். எல்லாருடைய மடியிலும் அதே ரொட்டி, அதே சம்பல். ஒவ்வொருத்தியும் பிரித்தாள், தின்றாள், சீட்டைக் கசக்கி வைத்தாள். யாரும் யாருக்கும் கையை நீட்டவில்லை. நீட்டி என்ன செய்வது, எதிரில் இருப்பவளிடமும் அதுதானே இருக்கிறது.

கொஞ்சம் தள்ளி லெட்சுமி உட்கார்ந்திருந்தாள். எங்கள் லயத்துக் கடைசித் தொங்கல் வீட்டுக்காரி, வீட்டுக்காரரைப் பறிகொடுத்து இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவள். என்னிடம் பார்சல் வாங்க அவளிடம் காசில்லை. இடுப்பில் கட்டும் படங்குத் துணியின் கயிற்றை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக இருந்தாள். அந்தக் கயிற்றில் ஒரு பழுதும் இல்லை. தேத்தண்ணி நேரம் முடியும் வரைக்கும் அதையே செய்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் தேங்காய் வாங்க வழியில்லாமல் வெறும் மா ரொட்டியை மடியில் கட்டிக்கொண்டு இதே மலைக்கு வந்தவள் நான். ஒரு நாளும் வெறும் ரொட்டி தின்ற ஞாபகம் எனக்கில்லை. பத்து மணிக்கு வட்டமாக உட்கார்ந்தால் ஒருத்தி கருவாட்டுச் சம்பல் வைப்பாள், ஒருத்தி பச்சை மிளகாய் வைப்பாள். என் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துக்கொள்வார்கள். கை மாறி மாறிப் போகிற அந்த நேரத்தில் யார் கொண்டு வந்தது, யார் கொண்டு வரவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை. இல்லாதவள் இல்லாதவளாகவே தெரியாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம்.

அந்த வட்டத்தைத்தான் நான் லன்ச் சீட்டில் மடித்துக் கட்டிவிட்டேன். அவர்களுக்கும் காரணம் தெரிந்திருக்காது. எதுவோ சப்பென்று இருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகத்தான் திரும்பவும் விடியுமுன்னே எழுந்து மா பிசையப் போனார்கள். எனக்குச் சாக்கை அங்கேயே போட்டுவிட்டு லெட்சுமி பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போல இருந்தது. போகவில்லை. நான் பார்த்தது தெரிந்தால் அவள் இன்னும் தள்ளிப் போய்விடுவாள்.

வீட்டுக்கு வந்து, இனிமேல் ரொட்டி மட்டும்தான், சம்பல் கிடையாது என்றேன். வீட்டுக்காரர் திருவுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

“சம்பலோடயே விக்கல. வெறும் ரொட்டிய யாரு புள்ள வாங்குவா?”

“நீங்க திருவுங்க. நான் பாத்துக்கிறேன்.”

ரொட்டியைக் கொஞ்சம் கனமாகத் தட்டினேன். லன்ச் சீட்டை விட்டுவிட்டு வாளியில் துணி போட்டு மூடினேன். சம்பல் இல்லாததால் லெட்சுமி மாதிரி ஆட்களாலும் ஒரு ரொட்டி வாங்க முடிகிற விலைக்கு இறங்க முடிந்தது. பெரட்டுக் களத்தில் நின்று, “ரொட்டி என்னோடது, சம்பல் ஒங்களோடது,” என்றேன். சிலர் முறைத்தார்கள். சிலர் ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டார்கள். வேலை மிச்சம்தானே, சம்பல் அரைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வாளி காலியாகவில்லை. ஆனால் திரும்பி வருகிற ரொட்டி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

இப்படி இருக்கும்போது, ஒரு சாயங்காலம் ஏஜென்சிக்காரர் போன் பண்ணினார்.

“டிக்கட் வந்துருச்சும்மா. திங்கக்கெழம கொழும்புக்கு வரணும். நாளைக்குக் காலையிலயே முடிவச் சொல்லிடுங்க. இல்லாட்டி வேற ஆளுக்குப் போயிரும்.”

தொழில் நின்றதா என்று கேட்டால் நிற்கவில்லை. விழுந்ததா என்றால் விழவும் இல்லை. குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அப்படி ஒரு நிலை. அதை நம்பிக் குவைத்தை விடுவதா, பிள்ளையை விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போவதா? வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் அதிகம் பேசுகிற மனுஷன் இல்லை.

“போன்னு சொல்ல வாய் வரல. போகாதன்னு சொல்ல எனக்கு முதுகில்ல. நீ எது செஞ்சாலும் சரி புள்ள.”

அந்த நேரத்தில் இஸ்தோப்பில் லெட்சுமி வந்து நின்றாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் ஒரு சின்ன மாஜரின் டப்பா.

“இந்தாங்கக்கா. ஒங்க பங்கு.”

“என்னாத்துப் பங்கு?”

“தேத்தண்ணிக்கு எல்லாருகிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வச்சேன்.”

“நான்தான் மலைக்கே வரலியே லெட்சுமி.”

“ஒங்க ரொட்டி வந்துச்சுல்ல. அப்பறம் என்னா?”

டப்பாவைத் திறந்தேன். சிவப்பு, பச்சை, கறுப்பு என்று விரல் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தது. எது யாருடைய கை என்று எனக்குச் சொல்லத் தெரியும். உப்பு கூடிப்போனது மாரியாயியுடையது, அவள் என்றைக்குமே அப்படித்தான். ஓரத்தில் பச்சையாக இருந்ததுதான் புரியவில்லை.

“அது என்னோடது,” என்றாள் லெட்சுமி. “வல்லாரை. ஓடக்கரையில பறிச்சேன். தேங்கா போடல.”

அதைச் சொல்லும்போது அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. வாளியில் மிஞ்சியிருந்த ரொட்டி ஒன்றை எடுத்து, நின்றபடியே, அந்த வல்லாரையில்தான் முதலில் தொட்டுத் தின்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். அதில் உறைப்பே இல்லை, அவளுக்கும் தெரியும்.

லெட்சுமி போன பிறகு நான் ஏஜென்சிக்கு போன் எடுத்தேன். காலை வரைக்கும் வைத்திருக்கவில்லை. “வேற ஆளப் பாருங்க ஐயா,” என்றேன். செலவழித்ததெல்லாம் போச்சு என்று ஏசினார். அது உண்மைதான், கேட்டுக்கொண்டேன்.

பாசத்தில் மயங்கி முடிவு எடுத்தேன் என்று நினைக்காதீர்கள். மேலே நானே சொன்னேன், பாசத்தை வியாபாரம் என்று நம்பக் கூடாது என்று. ஆனால் அந்த வட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு ஒன்று தெரியும். அங்கே ஒருத்திக்குப் பங்கு எடுத்து வைத்துவிட்டால், மறுநாளும் அவளை எதிர்பார்ப்பார்கள். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று லயத்துக்கே தேடி வருவார்கள். என் ரொட்டி இல்லாத பத்து மணி அவர்களுக்கு இனி ஒரு குறை. வாளியில் மிஞ்சியதை எண்ணிப் பார்த்திருந்தால் நான் திங்கட்கிழமை கொழும்புக்குப் போயிருப்பேன். நான் டப்பாவைப் பார்த்தேன். உங்கள் சாமானை வாங்கிப் போகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள், அதோடு எதைச் சேர்க்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அவர்கள் சேர்ப்பதற்குக் கொஞ்சம் இடத்தை விட்டு வையுங்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்து முடித்துவிட்டால் அவர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடும்.

அன்று ராத்திரி சுகன்யாவிடம் அம்மா போகவில்லை என்று சொன்னேன். அவள், “அப்ப சடைய நீங்களே பின்னி விடுங்க,” என்று சீப்பைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேரான பாதை என்று சொன்னால் பொய். கோதுமை மா கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றதே, அதைச் சொல்லியாக வேண்டும். அப்போதெல்லாம் எனக்குக் கீழே மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். முதலாளி கடையிலும் மா இல்லை. ரொட்டியை மெல்லிசாகத் தட்டினால் இன்னும் சில நாள் ஓட்டலாம் என்றாள் ஒருத்தி. நான் சம்மதிக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒவ்வொரு லயமாகப் போய், நாளைக்கு என்னிடம் ரொட்டி இல்லை என்று வாசலில் நின்று சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் என்னை நம்பி விடியும் வரைக்கும் தூங்குகிறவர்கள் அவர்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வெறும் வாளியோடு நின்றால் அவர்கள் அன்றைக்கு முழுக்கப் பட்டினி. கெட்ட செய்தி இருந்தால் முந்தின நாளே போய்ச் சொல்லிவிடுங்கள். மா திரும்பக் கிடைத்தபோது எல்லாரும் என்னிடமே வந்தார்கள், ஒருத்திகூட விட்டுப் போகவில்லை.

இப்போது அடுப்பை அந்த மூன்று பேரும்தான் நடத்துகிறார்கள். திம்புள்ள பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஆட்டோவில் ரொட்டி போகிறது. சம்பலும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லா ஓடும் என்று புதிதாக வந்தவள் யாராவது வருடத்துக்கு ஒரு தடவை ஆரம்பிப்பாள். பத்து மணிக்கு மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன். சுகன்யா ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சடை பின்னி விடுகிறாளாம். எப்படிப் பின்னுகிறாள் என்று அந்தப் பிள்ளைகளின் அம்மாமார்தான் சொல்ல வேண்டும்.

நான் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறேன். ரொட்டி சுடுவதை விட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது, ஆனாலும் டப்பா வருகிறது. லெட்சுமி இன்னும் மலைக்குப் போகிறாள். பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போகிறார்கள், வீட்டில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. நேற்றும் ஓரத்தில் அந்த வல்லாரை இருந்தது. அவள் இன்னும் அதில் தேங்காய் போடுவதில்லை. போட வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.